அண்ணன் தலையில் போட்ட மறதி

அப்பா,

இன்று காலை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. மக்கிய இலையும் சேறும் கலந்த அந்த முதல் தண்ணீரின் வாடை அடுக்களை வரைக்கும் வந்தது. எல்லாருக்கும் பிடித்த வாடை. எனக்கு உங்கள் நினைவு வந்து வயிறு எரிந்தது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறது ஊர். ஊருக்கென்ன, அது உங்களோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை.

மனச்சிதைவு வந்தபோது அண்ணன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். மாத்திரையில் அவர் காதில் கேட்ட குரல்கள் அடங்கின; மறதி அடங்கவில்லை. சொன்னது நிற்காது, புதிதாக எதுவும் சட்டென்று ஏறாது. இதுவும் நோயின் பகுதிதான், சோம்பல் இல்லை என்று பாலக்காட்டு டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். தப்பு செய்யவிட்டுத் திருத்தாதீர்கள், அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடும். கூடவே நின்று சரியானதை மட்டும் செய்யவையுங்கள் என்றார். தலையாட்டிவிட்டு வந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும், "பட்டாத்தான் புத்தி வரும்" என்று மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் அவரை நிறுத்தி, அவர் மாற்றி மாற்றிப் போட்டுத் தடுமாறுவதைத் தோப்பு ஆட்களைக் கூப்பிட்டு வேடிக்கை பார்க்க வைத்தீர்கள்.

வீட்டில் வேறு யாருக்காவது ஞாபகக் குறைவு உண்டா என்றும் டாக்டர் கேட்டார். சொந்தங்களுக்கும் லேசாக இருப்பதுண்டாம். "எங்க வம்சத்துல ஆருக்கும் அப்படிக் கெடையாதுங்க" என்றீர்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் ஞாபகமே அம்மாதானே. "ஏனுங்க, நாளைக்கு வெடியால நம்ம தண்ணி மொறைங்களே" என்று வேறு வேலையாகப் போகிறவர் போலச் சொல்லிவிட்டுப் போவார். "எனக்குத் தெரியாதா?" என்று உறுமுவீர்கள். தெரியாது.

அம்மா செத்துப்போனதும் சாயம் வெளுத்தது. பக்கத்துத் தோப்புக்காரரின் முறையன்று போய் நம் மடையைத் திறந்துவிட்டீர்கள். நம் பக்கத்தில் முறை மாறித் தண்ணீர் எடுப்பது திருட்டுக்குச் சமம். அவர் ஆட்களோடு வந்து நின்றார். "ஏனுங்க, இன்னைக்கு எங்க மொறையாச்சுங்களே?"

நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. "இந்தக் கிறுக்கன்தானுங்க நம்ம மொறைன்னு சொன்னான்" என்று அண்ணனைக் கைகாட்டினீர்கள். உங்களுக்குப் பயந்து அவர் உங்களோடு பேசியே பல நாள் ஆகியிருந்தது. அவர்கள் அவரை ஏசியதை நின்று கேட்டீர்கள். அதைவிட மோசம், அண்ணன் மறுக்கவில்லை. தன் ஞாபகத்தையே நம்பாத மனிதர் எதை வைத்து மறுப்பார்? "நாந்தான் சொல்லியிருப்பேனுங்க" என்று கைகூப்பினார். அதன் பிறகு, நீங்கள் இருந்தவரை அவர் தோப்புப் பக்கம் போகவில்லை. உங்கள் மறதியை ஒளித்துவைக்க வீட்டிலேயே ஒரு நோயாளி வசதியாகக் கிடைத்தார். பெற்ற மகனென்பது உங்களுக்கு உறுத்தவில்லை.

நீங்கள் போன பிறகு டாக்டர் சொன்னபடி செய்தேன். மடை திறக்கும்போதெல்லாம் கூடவே நின்றேன். மடையில் எந்தப் பலகையை முதலில் தூக்குவது என்று கேட்டுச் சோதிக்கவில்லை, கையைப் பிடித்துச் செய்யவைத்தேன். மாதக்கணக்கில் ஆயிற்று. இப்போது அவரே திறக்கிறார், அவரே அடைக்கிறார். இன்றும் மண்வெட்டியோடு அவர்தான் போயிருக்கிறார். இதைப் பார்க்க நீங்கள் இல்லை என்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் நீங்கள் கற்றுக்கொடுத்தது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. எது உடைந்தாலும், எது தொலைந்தாலும் "நாந்தான்" என்று முன்னால் வந்து நிற்கிறார்.

உங்கள் மறதி எனக்கும் வந்திருக்கிறது. நேற்று பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டேன். அண்ணன் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். கருகிய பாத்திரத்தைப் பார்த்து, "நாந்தான் வெச்சுட்டு மறந்திருப்பேன், அம்முணி" என்றார்.

"இல்லீங்ண்ணா, நான் வெச்சதுங்க. நாந்தான் மறந்துட்டேன்."

நம்பாமல் என் முகத்தையே பார்த்தார். இன்னொரு தரம் சொன்னேன். இனி எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன். நீங்கள் ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும்.