அபோரோசாவின் முதுகும் எதிரே நின்றவரும்

மார்ச் 3
மழை. என் மகன் அபோரோசா முதுகுவலியோடு இன்றும் பாயில்தான். கொப்பரை ஆலையில் மூட்டை தூக்குகிறவனுக்கு அவன் பெண்டாட்டி டோரிகா செருப்பு மாட்டிவிடுகிறாள். தேவாலயப் பாட்டுக்கும் போவதில்லை. அவன் அடிக்குரல் இல்லாமல் ஆண்கள் வரிசை ஓட்டைப் பானை மாதிரிக் கேட்கிறது.

மார்ச் 6
தலைநகர் சுவாவிலிருந்து ஆலை டாக்டர் வந்தார். எலும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்றாராம். மாத்திரை, ஓய்வு. அடுத்த மாதமும் வேலைக்குத் திரும்பாவிட்டால் தகுதியில்லை என்று எழுதிவிடுவாராம். இந்தத் தீவில் வேறு வேலை எங்கே?
தேய்ந்தது என்ற சொல் அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் அப்பா படுக்கையிலேயே போனவர். குனிந்தால் ஒடிந்துவிடும் என்று பயப்படுகிறான்.

மார்ச் 9
வசிதி வந்தாள். என் மூத்த மகனின் பெண், ஆலையின் நர்ஸ். பாட்டியான என்னைப் புபு என்று கூப்பிடுவாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் வெள்ளைச் சட்டையோடு படியேறினால் தெருவே பார்க்கட்டும் என்று கதவை அகலத் திறந்து வைப்பேன்.
சித்தப்பாவின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேள்விகள் - தூக்கம் வருதா, எதை நெனச்சுப் பயம், வேலையில கூட நிக்கிறது யாரு.
"முதுகு வலிக்கு அதெல்லாம் எதுக்குடி?" என்றேன்.
"முதுகு மட்டும் தனியாவா வேலைக்குப் போகுது, புபு? மனசும் சொந்தக்காரங்களும் கூடவேதான் போறாங்க."
வாயாடி.

மார்ச் 10
"ரெண்டு பேர் தூக்குற மூட்டைதானே சித்தப்பா. எதிர்ல நிக்கிறவர 'பிடி'ன்னு சொல்ல வேண்டியதுதானே?"
வசிதி இப்படிக் கேட்டாள். டோரிகாதான் பதில் சொன்னாள்: "எதிர்ல நிக்கிறது எங்கப்பா."
எங்கள் ஊர் வழக்கத்தில் மாமனாரிடம் மருமகன் நேராக வாய் திறக்கலாமா? பிடி, பொறு - ஒரு சொல் கூடாதே. டோரிகாவின் அப்பா டொமாசியும் இவனிடம் பேசக் கூடாது. புதிதாக வந்த வெளியூர் மேற்பார்வைக்காரர் இருவரையும் எதிரெதிரே போட்டிருக்கிறார். சொல்லாமல் இரண்டு பேர் சேர்ந்து தூக்க முடியுமா? இவன் ஒற்றையாளாக இழுத்திருக்கிறான். லீவு முடிந்து போனால் மறுபடி அதே இடம்.
ஏன்டா யார்கிட்டயும் சொல்லல? சொன்னால் மாமனார் மேல் குறை சொன்னது போலாகும். அதற்கு முதுகே தேவலாம் என்றிருந்திருக்கிறான், மடையன்.

மார்ச் 12
வசிதி மேற்பார்வைக்காரரிடம் பேசினாள். டொமாசியிடமும். அவர் சொன்னாராம்: "என்னையும் யாரும் கேக்கலம்மா. நான் கிடங்குப் பக்கம் போயிடறேன். அவன் நல்லா இருக்கட்டும்."

மார்ச் 13
சித்தப்பாவைக் கடல் சுவர் வரை நடக்க வைத்தாள். குனிய வைத்தாள். "தேய்மானம் உங்க வயசுல நெறைய பேருக்கு இருக்கும். வலிச்சா ஒடியுதுன்னு அர்த்தமில்ல."
செருப்பை அவனே மாட்டினான். முகம் கோணியது. மாட்டிவிட்டான்.

மார்ச் 20
அரை நாள் வேலை. இப்போது எதிரே நிற்பது விலியாமே என்ற மச்சான். மரவள்ளி கொண்டுபோன எனக்கு வேலிக்கு வெளியிலேயே கேட்டது.
"என்ன கிழவா, மூட்டையத் தூக்குறியா, தாலாட்டுறியா?"
"உன் வாயவிட இது கனம் கம்மிதான். பிடிடா."
மச்சான்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. என் மகன் 'பிடி' என்றான். நின்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 3
டாக்டர் வந்தார். வசிதி சொன்னதைக் கேட்டுவிட்டு முழு வேலைக்குக் கையெழுத்துப் போட்டார். இனி உறவு கேட்டுத்தான் ஆள் நிறுத்த வேண்டும் என்று மேற்பார்வைக்காரரிடமும் சொன்னாராம். சந்தை முழுக்க என் பேத்தி கதைதான். மீன்காரிக்கு இரண்டு தடவை சொன்னேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு
அபோரோசா கடைசி அடி வரை நின்று பாடினான். இரண்டு ஆள் தள்ளி டொமாசி. ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அடிக்குரல் எழும்பும் இடத்தில் இருவரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். என் காலடியில் பலகை அதிர்ந்தது.
"பாடுங்க புபு," என்று வசிதி இடித்தாள்.
நான் பாடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.