என் வழக்காளிக்கு எதிராளி எழுதுவது

இன்று காலை நீதிமன்றத்திலிருந்து கோட்டுக் கடுதாசி ஒன்று வந்தது. அதன் அரக்கு மணம் இன்னும் என் விரலில் இருக்கிறது. வழக்காளி இறந்துவிட்டபடியால், அவருக்குப் பதிலாக வாரிசான உரித்தாளி ஒருவர் சேராவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகும் என்று அதில் கண்டிருக்கிறது. உம்முடைய சாவை அரசாங்கம் ஒரு வசனத்தில் முடித்துவிட்டது, மச்சான்.

இணுவில் வீதியோரத்தில் நம் முன்னோர் ஒல்லாந்தர் காலத்தில் வழிப்போக்கர் தங்கக் கட்டிய மடத்தை, வழக்கு வரும்வரை ஊரார் ஏறிட்டும் பார்த்ததில்லை. பாதிக்குக் கூரையில்லை, மீதிப் பாதி ஆடுகளுக்கு. நீர் மட்டும் கயிறு கொண்டுபோய் முருகைக்கல் தூண்களை அளந்தீர். ஒரு தூணில் செதுக்கியிருந்த மிருகத்தின் பாசியைச் சுரண்டிவிட்டு, சிங்கம் என்றீர். நான் நாய் என்றேன்.

பிறகு, மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஊர் திரும்பிய பென்சன்காரர் ஒருவர் வந்தார். பங்காளிகளிடம் பங்குகளை எழுதி வாங்கினார். மடத்தை இடித்து அந்தக் கல்லில் காருக்கு ஒரு கொட்டகை எழுப்புவது அவர் எண்ணம். கார் இன்னும் வாங்கவில்லை. மிஞ்சியவை உம்முடைய பங்கும் என்னுடைய பங்குமே. வெள்ளிக்கிழமை இடிக்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டதும், நாம் படிப்பித்த பள்ளிக்கூட விறாந்தையில் என்னை மறித்தீர்.

"மச்சான், நான் உம்மிலை வழக்கு வைக்கப்போறன்."

"நான் என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் வசதி."

பென்சன்காரரோடு நேரே மோதினால் ஆறு மாதத்தில் தீர்ப்பு வந்துவிடும். சொந்தக்காரர் தங்களுக்குள் பங்கு பிரிக்கப் போனால் எந்த நீதவானாலும் தீர்க்க முடியாது என்று விளக்கினீர். அவரையும் இரண்டாம் எதிராளியாகச் சேர்த்தால் போதும். வழக்கு முடியும்வரை ஒரு கல்லும் அசையாது, ஆனால் நாம் பகையாளிகள் என்று ஊர் நம்பவேண்டும். யாழ்ப்பாணத்தாரின் குணத்தை இவ்வளவு நம்பிக் காரியம் செய்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. அலவாங்குகளோடு ஆட்கள் வந்துவிட்டார்கள், கோட்டின் தடைக் கட்டளை வரவில்லை. நீர் வீதியின் ஒரு கரையில், நான் மறு கரையில். முதல் அலவாங்கு தூணில் விழுந்து ஒரு சில்லுத் தெறித்தபோது, உம்முடைய வழக்கைப் பேசிய பிறக்கிராசியின் கிளாக்கர் கடுதாசியை உயரப் பிடித்தபடி சைக்கிளில் வந்து ஆடுகளின்மேல் விழுந்தார். துள்ளிக் குதிக்க வேண்டிய நேரத்தில் நாம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம்.

ஏழு வருடம் முறைத்தோம். ஊர் இரண்டாகப் பிரிந்தது. கேளாமலே சாட்சி சொல்ல இரு பக்கமும் ஆட்கள் வந்தார்கள். ஆசிரியர் அறையில் நீர் வடக்கே இருந்தால் நான் தெற்கே இருந்தேன். கோட்டார் அனுப்பிய நில அளவைக்காரர் வரும் நாள்தான் நமக்குத் திருவிழா. இரு பகுதியாரும் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது சட்டம். நீர் சிங்கம் என்று கத்துவீர், நான் நாய் என்று கத்துவேன். அந்த மனிதர் களைத்துப்போய்த் தம் படத்தில் 'மிருகம்' என்று மாத்திரம் எழுதினார்.

உம்முடைய பாடையை மடத்தடியில் சற்று இறக்கி வைத்தார்கள். நான் தூண் மறைவில் நின்றேன். எதிராளி வெற்றி பார்க்க வந்திருக்கிறான் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. உம்முடைய வேலைத்திட்டத்துக்கு அது நல்ல சாட்சி என்பதால் மறுக்கவில்லை.

பென்சன்காரர் அலவாங்குகளுக்குத் துருப் போக்குகிறாராம். ஆகவே இன்று பின்னேரம், ஏழு வருடத்தின் பின் உம்முடைய படலையைத் திறந்தேன். என்னில் வழக்கு நடத்தும்படி உம்முடைய மகளை எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தேன். அவள் என்னை இருத்தி, கோப்பி தந்து, உரித்தாளியாகச் சேரத் தான் கையெழுத்திட்ட பத்திரத்தை முன்னால் வைத்தாள்.

"அப்பா சொல்லிப்போட்டுத்தான் போனவர், மாமா. உங்களை ஒருநாளும் சும்மா விடவேண்டாமாம்."

அடுத்த தவணைக்குப் போவேன், எதிராளியாகவே. நீர் தந்த பட்டங்களில் அதுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. இன்னொன்று. அது சிங்கந்தான், மச்சான். பிடரிமயிரை நான் முதல் நாளே கண்டேன். இங்கே எழுதிவிட்டேன், கோட்டில் கேட்டால் மறுப்பேன்.