காலியாக விட்ட கட்டம்

அன்புள்ள அம்மா,

நான் சுகம்தான். அப்பாவின் இருமல் அடங்கியதா?

எங்கள் ஆஸ்பத்திரி டேட்டாபேஸில் ஒரு கூத்து. நர்ஸ் அக்கா ஒரு சைபரை அதிகமாகத் தட்டிவிட, ஒருவருக்குப் பிரஷர் ஆயிரத்து இருநூறு என்று ஏறிவிட்டது.

"நர்ஸ் எண் தட்டுற திரையில தடுத்தா போதும், விடும்மா" என்றார் மேனேஜர். நான் விடவில்லை. எந்த வழியாக வந்தாலும் ஐம்பதுக்குக் கீழும் முந்நூறுக்கு மேலும் வாங்காதபடி டேட்டாபேஸின் பிரஷர் கட்டத்துக்கே விதி போட்டேன். பார்த்தால், காலியாக விட்டதை அது கண்டுகொள்ளவே இல்லை. காலியும் கூடாது என்று இன்னொரு விதி போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

உன் கடிதமும் அப்படித்தான். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதுவரை இருக்கிறது. உன் பிரஷர் மட்டும் இல்லை. "நல்லா இருக்கேன்" செல்லாது, எண் வேண்டும். டேட்டாபேஸ் என்றால் திருப்பி அனுப்பிவிடும். எனக்கு மனசு வராது என்று தெரிந்துதானே காலியாக விடுகிறாய்?

பஸ் வந்துவிட்டது. எண்ணோடு எழுது.

உன் மகள்