டோர்பியோர்னுக்காக நிறுத்திய இயந்திரங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

யூர்கிதா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், இந்தப் போடன் ஊரில் பனிதான் இன்னும் விடவில்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படாதீர்கள். பிட்காயின் பணமாற்றங்களைச் சரிபார்க்கும் எங்கள் இயந்திரக் கூடத்தில் என்னுடன் வேலை பார்க்கும் டோர்பியோர்ன், வீடு வாங்கச் சேர்த்த பிட்காயின் முழுவதையும், ரகசியச் சாவி தொலைந்துபோன தன் பழைய கணக்கு முகவரிக்கே தவறுதலாக அனுப்பிவிட்டான். அந்தச் சாவி இல்லாமல் அதை யாராலும் எடுக்க முடியாது.

"கையெழுத்து சரியா, காசு ஏற்கெனவே செலவாயிருக்கான்னுதான் மெஷின் பார்க்கும். நீ முட்டாளா இல்லையான்னு பார்க்காது!" என்று கத்தினேன்.

"அது பதிவாகாம இருக்க நம்ம மெஷினையாவது நிறுத்து, யூர்கா!" என்று அழுதான்.

மனசு கேட்காமல் கூடத்து இயந்திரங்கள் முழுவதையும் நிறுத்தினேன். உலகத்தில் மற்றவை நிற்குமா? கொஞ்ச நேரத்தில் எங்கோ ஓர் இயந்திரம் அவன் அனுப்பியதைச் சரிபார்த்து, பிட்காயின் கணக்குச் சங்கிலியில் சேர்த்தது. மற்றவையும் சரி என்றன. இனி யாராலும் திருப்ப முடியாது.

"அவன் அழுதா நீ சுவிட்சை அணைப்பியா?" என்று குதித்தார் மேலாளர். நல்லவேளை, என் வேலை போகாமல் தப்பியது.

டோர்பியோர்ன் வேலையை விட்டுத் தன் ஊருக்கே போய்விட்டான். மதியச் சாப்பாட்டில் பேச்சுத்துணை அவன் ஒருவன்தான்.

கறுப்பு ரொட்டி அனுப்புங்கள். ஞாயிறு போனில் சத்தமாகப் பேசுங்கள், இயந்திர இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் உடனே வைத்துவிடாதீர்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் யூர்கா