எதிர்த்துத் தூக்கிய கை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பதினைந்து வருடமாகச் சட்டமன்றத்தில் கட்சி சொன்னதற்கெல்லாம் கை தூக்கியவள் நான். இன்று நம் தொகுதிப் பிரசவ ஆஸ்பத்திரியை மூடும் தீர்மானம் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என் காதருகே குனிந்து, “அக்கா, பேசாம கையைத் தூக்கிடுங்க. அடுத்த மந்திரி நீங்கதான்” என்றார்.

நம் மகளை முதன்முதலில் நீங்கள் பயந்து பயந்து தூக்கிய அறை நினைவுக்கு வந்தது. எதிர்த்துக் கை தூக்கினேன். என்னைப் பார்த்து எங்கள் கட்சியிலேயே இன்னும் நாலு பேர் தூக்கினார்கள். எதிர்க்கட்சிக் கைகளும் சேர, தீர்மானம் தோற்றது.

சாயங்காலமே என்னைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பதவியும் நிலைக்காதாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நாளை மதியப் பேருந்தில் வருகிறேன். கண் சிவந்திருந்தால், வழியெல்லாம் தூசி என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் தையல்கடைக்குப் பட்டன் தைக்க ஆள் தேடினீர்களே, வேறு யாரையும் சேர்த்துவிடாதீர்கள்.

இனி முழு நேரமும் உங்களோடு சண்டை போடப்போகும்,
உங்கள் வீட்டுக்காரி