திருப்பிச் சொன்ன ஒரு சொல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று நான் முதலில் கவனித்தது ஓர் அட்டையைத்தான். ஒரு மேசையின்மேல் அது தலைகீழாக நின்றது. அதில் தமிழ் என்று எழுதியிருந்தது. மேலே இருக்கவேண்டிய புள்ளி சிந்திய சொட்டு மாதிரி கீழே கிடந்தது. எத்தனையோ பேர் அந்தப் பக்கம் போய் வந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பக்கத்து மேசை அட்டைகளில் எது நேர், எது தலைகீழ் என்று எனக்கும்தான் தெரியாது.

இந்தக் கடிதத்தைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. எழுத்துக்கூட்டியாவது நீயே படி.

சித்தியும் நானும் பல்கலைக்கழகத்தின் பெரிய கூடத்தைக் கூட்டித் துடைக்கிறோம், விழா என்றால் மேசை நாற்காலியும் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? நேற்று அங்கே மொழிகளுக்கான விழா. இங்கே படிக்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மொழிக்காரர் உட்கார்ந்திருப்பார். அந்த மொழி தெரியாத ஒருவர் வந்து எதிரில் உட்காரவேண்டும். மணி அடிக்கும்வரை மொழிக்காரர் தன் மொழியில் மட்டும்தான் பேசலாம், அர்த்தம் சொல்லக்கூடாது. கேட்டவர் கடைசியில் தன் காதில் தங்கிய ஒரே ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

தமிழ் மேசைக்கு வரவேண்டிய மாணவருக்குக் காய்ச்சலாம். நாற்காலி காலியாகவே கிடந்தது. நான் துடைக்கிற சாக்கில் போய் அட்டையை நேராகத் திருப்பி வைத்தேன். விழாவை நடத்திய குட்டைமுடி டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். கைதட்டிக்கொண்டே ஓடிவந்து என்னவோ கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் சித்தியைப் பார்த்தேன். உன்ன அங்க உக்காந்து பேசச் சொல்றாங்கடி என்றாள் சித்தி. உடனே, வீட்ல நாலு வார்த்தை கேட்டா ரெண்டுக்குத் தலையாட்டுவ, நீ போய் பேசி யாரு கேக்குறது என்றும் சேர்த்துக்கொண்டாள். டீச்சர் அதற்குள் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டுவிட்டார். சித்தி என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு, போய்த் தொலை, மூஞ்சிய உர்ருனு வெச்சுக்காத என்றாள்.

சித்தி திட்டினாள் என்று வருத்தப்படாதே. அவள் நல்லவள். ஆனால் அவளுக்குக் கோபம் வரும்போதுதான் தமிழ் வருகிறது. மற்ற நேரமெல்லாம் பிள்ளைகளோடும் சித்தப்பாவோடும் இந்த ஊர்ப் பேச்சுதான். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் கொஞ்சம் பிந்திச் சிரிப்பேன். அதனால் சில நாள் வேண்டுமென்றே பாலைப் பொங்கவிடுகிறேன் அம்மா. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு என்று சித்தி கத்துவாள். அது அடங்குகிறவரைக்கும் நம் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்.

என் எதிரில் ஒரு மாணவி வந்து உட்கார்ந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பாதி போய்விட்டது. வணக்கம் என்றேன். அதற்குமேல் என்ன பேசுவது? ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் நாலு பேர் என்றேன். அப்புறம் நான் இங்கே வந்துவிட்டதால் இப்போது மூன்று பேர் என்றேன்.

அவளுக்கு ஒரு சொல்லும் புரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் வாய் நிற்கவில்லை. பஸ் கிளம்பும்போது நீ திரும்பிப் பார்க்காமல் போனதைச் சொன்னேன். ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். போனில் எல்லோரும் பக்கத்தில் இருப்பதால் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்றே சொல்லி வைத்துவிடுவதைச் சொன்னேன். பாலைப் பற்றியும் சொன்னேன். அவள் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் என் வாயை யாரும் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

மணி அடித்தது. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி, வந், துட, வா என்றாள். வந்துடவா. அதை நான் எத்தனை தடவை சொல்லியிருந்தால் அவள் காதில் அது தங்கியிருக்கும்! சரிதானா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன். டீச்சர் கைதட்டினார்.

எழுந்து திரும்பினேன். அடுத்த மேசையருகே சித்தி நின்றிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் இருந்ததை நான் மறந்தே போனேன் அம்மா. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இரண்டு பேரும் நாற்காலிகளை அடுக்கினோம். பஸ் ஏறி வந்தோம். இறங்கி நடக்கும்போதுதான், பசிக்குதாடி என்று கேட்டாள். கோபமில்லாமல், தமிழில்.

அந்த மாணவி சொன்ன சொல்லை உனக்கு எழுதியிருக்கிறேன். அது அவள் சொன்னது. நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. உன்னால் முடியாது என்றால் முடியாதுதான், தம்பி படிப்பு நிற்கக்கூடாது. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நான் நல்லா இருக்கேன் என்று சொன்னால் உடனே வைத்துவிடாதே. வேற என்னடி என்று ஒரு தடவை கேள். நான் பதில் சொல்லாவிட்டாலும் கேள். குளிர் நாளில் உன் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொள். தம்பியைத் திட்டாதே. திட்டினாலும் என் பங்கை மிச்சம் வை.

இன்று காலை அடுப்பில் பால் வைத்தேன். சித்தி கதவருகே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை விளிம்புக்கு வந்ததும் அணைத்துவிட்டேன்.

உன் மகள்