கொழும்பு மேட்ச்

ஜூன் 2, திங்கள்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. காலையில் தங்கச்சிமடம் வந்து சேர்ந்தேன். இந்திய அணி கேம்பிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆசியக் கோப்பைக் கால்பந்து தகுதிச்சுற்று. பத்தாம் தேதி கொழும்பில், இலங்கையோடு. இருபத்துமூன்று பேரில் நானும் ஒருவன், முந்தாநாள் வரை. மற்ற எல்லோருக்கும் விசா வந்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை. உன் பேரில் அங்கே ஒரு கேஸ் இருக்கிறதாமே, முன்னாடியே சொல்லக் கூடாதா என்றார் மேனேஜர்.

கேஸ்: நாலு வருஷத்துக்கு முன் அய்யாவோடு கடலுக்குப் போய், எல்லை தாண்டியதாக அக்கரையில் பிடிபட்டோம். இருபத்தாறு நாள் ஜெயில். திரும்ப வந்தால் ரெண்டு வருஷம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். படகில் வரக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாலும் அதே சட்டமாம்.

போட் அய்யாவுடையது. ஓட்டியதும் அவர். இன்று முழுக்க அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 4, புதன்

காற்று நிற்கவில்லை.

செய்ய வேண்டியவை: கேம்ப் ஜெர்சி இரண்டையும் துவைத்து பார்சல் அனுப்ப. முழங்காலுக்கு எண்ணெய். போனை அணைத்து வைக்க.

டீக்கடையில் மாமா மகன் சேசு: "ஏலே, இங்கனருந்து அக்கரைக்குப் பதினெட்டு மைலுதானலே. விசா எதுக்கு? ஒரு வள்ளத்த எடுத்தா விசில் ஊதுறதுக்குள்ள போயிரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சர்ச் முக்கில் என் ஃபிளெக்ஸ். 'கொழும்பை வெல்லப் போகும் சிங்கமே'. கயிற்றை அறுத்துவிட்டேன். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவர வெட்கம். அங்கேயே கிடக்கட்டும்.

ஜூன் 6, வெள்ளி

அய்யா விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது. எங்கே என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம்தான் வந்தார். ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாராம்.

"அது அவுக கையில இல்லையாம்லே. மேல அனுப்புறோம்னாக."

நகலை நீட்டினார். வாங்கவில்லை. அவர் குளிக்கப் போனதும் எடுத்துப் படித்தேன். 'என் மகன் வர மாட்டேன் என்று அழுதான். ஆள் குறைந்ததால் நான்தான் அடித்து இழுத்துப் போனேன். குற்றம் என்னுடையது.'

பொய். அன்று காலேஜ் லீவு. "எறங்குலே, இன்னைக்கு வேணாம்" என்று மூன்று தடவை சொன்னார். நான்தான் போட்டை விட்டு இறங்கவில்லை.

நாலு நாளாக அவரைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருக்கிறேன். அவரும் நின்றுகொண்டிருக்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

மேட்ச். டிவியை அய்யாதான் போட்டார். அம்மா ஜெபமாலையோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் இடத்தில் மிசோரம்காரன். கேம்பில் என் ரூம்மேட், நல்லவன். அவன் சொதப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

இருபதாவது நிமிஷம் ஒரு கோல். எழுபதில் இன்னொன்று. இரண்டும் அவனே. ஜெயித்துவிட்டோம். தெருவில் வெடி.

அய்யா டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த மேட்ச் எங்கலே?"

"நம்ம நாட்டுலதான்."

"அதுக்கு விசா வேணாம்ல?"

"வேணாம்."

"அப்ப ஒன்னயக் கூப்புடுவாக."

ரெண்டு கோல் அடித்தவனை எவன் வெளியே உட்கார வைப்பான்.

"கூப்புடுவாகய்யா" என்றேன்.